ஒரே பிளான், ஐந்து ஷீட்: ஆட்டோகேடில் லேஅவுட் அமைக்கும் முறை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் சிலர் கடிதம் டைப் செய்வதோடும் சினிமா பார்ப்பதோடும் நின்றுவிடுவதில்லை. "நம் வீட்டு பிளானை நாமே போட்டுப் பார்த்தால் என்ன?" என்ற ஆசை வந்துவிடுகிறது. நானும் அப்படி வந்தவன்தான். மாலை நேர வகுப்பில் மூன்று மாதம் ஆட்டோகேட் படித்தேன். கோடு, வட்டம், டிரிம், ஆஃப்செட் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஆனால் திரையின் கீழே மாடல், லேஅவுட்1, லேஅவுட்2 என்று மூன்று டேப்கள் இருக்கும் அல்லவா? அதில் முதல் டேப்பைத் தவிர மற்ற இரண்டையும் நான் தொட்டதே இல்லை. தொடாததால் என் அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரை உடைக்க வேண்டி வந்தது. உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நான் செய்த தவறு

அக்கா 30-க்கு 40 அடி மனையில், அதாவது அரை கிரவுண்டில் வீடு கட்டினார். பிளான் போட்டது நான். மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஆசாரி என நான்கு பேருக்கும் பிரின்ட் தர வேண்டும். மேஸ்திரிக்கு ஸ்விட்ச் போர்டு இடங்கள் வேண்டாம். பிளம்பருக்குக் கட்டிலும் பீரோவும் வேண்டாம். எனவே பைலை நான்கு முறை காப்பி செய்து, ஒவ்வொன்றிலும் வேண்டாதவற்றை அழித்துவிட்டு பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். வேலை சுலபமாக முடிந்துவிட்டதாக எனக்குப் பெருமை.

சுவர் எழும்பிய பின் ஒரு நாள் அக்கா, "தம்பி, சிங்க் கிழக்குச் சுவத்துல வேண்டாம். வடக்கு ஜன்னல் பக்கம் வரட்டும்" என்றார். மாற்றினேன். மேஸ்திரியின் பைலில் மாற்றினேன், எலக்ட்ரீஷியனின் பைலில் மாற்றினேன், ஆசாரியின் பைலிலும் மாற்றினேன். பிளம்பரின் பைல் வேறு போல்டரில் இருந்தது. மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், சமையல் மேடை வடக்கே நிற்கிறது; தண்ணீர்க் குழாய் கிழக்குச் சுவரில் வந்து நிற்கிறது. மேலே பூச்சும் முடிந்துவிட்டது. பிளம்பர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். "சார், நீங்க குடுத்த பேப்பர்ல இப்படித்தானே இருக்கு?" என்றார். இருந்தது. சுவரை உடைத்துக் குழாயை மாற்றி மீண்டும் பூசினோம். அதற்கான கூலியை அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார். திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் லேஅவுட் டேப்பைக் கிளிக் செய்தேன். பிளானை ஒரே ஒரு முறை வரைந்தால் போதும். அதைப் பல ஷீட்களில், பல அளவுகளில், ஒவ்வொருவருக்கும் வேண்டியதை மட்டும் காட்டும்படி வைக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு இடத்தில் சிங்க்கை நகர்த்தினால் எல்லா ஷீட்களிலும் அது நகர்ந்துவிடும்.

மாடல், லேஅவுட், வியூபோர்ட்: மூன்று சொற்கள்

முதலில் இந்த மூன்றையும் புரிந்து கொள்வோம்.

மாடல் என்பது உங்கள் மனை. இங்கே வீட்டை அதன் முழு அளவில் வரைகிறீர்கள். 3 மீட்டர் அறை என்றால் 3000 மில்லிமீட்டர் கோடுதான். சிறியதாக்கி வரையவே கூடாது.

லேஅவுட் என்பது காகிதம். ஏ3 தாள் என்றால் 420-க்கு 297 மில்லிமீட்டர். இங்கே வரைவதெல்லாம் காகித அளவில்.

வியூபோர்ட் என்பது அந்தக் காகிதத்தில் வெட்டிய ஓட்டை. ஒரு வெள்ளைத் தாளில் சதுரமாக ஓட்டை வெட்டி, தரையில் விரித்த கோலத்தின் மேல் பிடித்துப் பாருங்கள். ஓட்டை வழியாகக் கோலத்தின் ஒரு பகுதி தெரிகிறது. தாளை நகர்த்தினால் வேறு பகுதி தெரியும். ஐந்து தாள்களில் ஓட்டை வெட்டினாலும் கீழே இருப்பது ஒரே கோலம்தான். கோலத்தில் ஒரு புள்ளியை மாற்றினால் ஐந்து ஓட்டைகளிலும் மாற்றம் தெரியும். வியூபோர்ட்டும் அப்படித்தான்.

ஆட்டோகேட் முதலில் 1982 டிசம்பரில் வெளிவந்தது. காகிதத்திற்கென்று தனி இடம் தரும் வசதி, 1990-ல் வந்த 11-ஆம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அப்போதும் ஒரு பைலுக்கு ஒரே ஒரு காகிதம்தான். ஒரே பைலில் பல லேஅவுட்கள் வைக்கும் வசதி, 1999-ல் வெளியான ஆட்டோகேட் 2000-த்தில் கிடைத்தது. எனவே உங்களிடம் பழைய பதிப்பு இருந்தாலும் இந்தப் பாடத்தின் பெரும்பகுதி பொருந்தும். சில பட்டன்களின் இடம் மட்டும் மாறியிருக்கலாம்.

வரையும் முன்: லேயர் பிரித்தல்

எதை யாருக்குக் காட்டுவது என்பதை லேயர்தான் தீர்மானிக்கிறது. எனவே எல்லாவற்றையும் "0" லேயரில் போட்டுவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள். நான் வைத்துக் கொள்ளும் லேயர்கள் இவை:

சுவர்
கதவு ஜன்னல்
மின்சாரம்
குழாய்
சாமான் (கட்டில், பீரோ, சோபா)
அளவு 50, அளவு 20
ஓட்டை (வியூபோர்ட்டின் சட்டத்திற்கு)

பெயர்களை ஆங்கிலத்தில் வைத்தாலும் சரி. ஒன்று செய்யுங்கள்: லேயர் பட்டியலில் "ஓட்டை" லேயருக்கு நேரே இருக்கும் பிரின்டர் படத்தில் ஒரு முறை கிளிக் செய்யுங்கள். அதன் மேல் சிவப்புத் தடை அடையாளம் வரும். இனி அந்த லேயர் திரையில் தெரியும், பிரின்ட்டில் வராது. வியூபோர்ட்டைச் சுற்றி வரும் கட்டம் தாளில் விழாமல் இருக்க இது போதும்.

கணக்குப் போடுவோம்: எந்தத் தாள், எந்த ஸ்கேல்?

30-க்கு 40 அடி மனை என்பது 9144-க்கு 12192 மில்லிமீட்டர். 1:50 என்றால் 50-ஆல் வகுக்க வேண்டும். 183-க்கு 244 மில்லிமீட்டர் வருகிறது.

ஏ3 தாளைப் படுக்கை வாக்கில் வைத்து, இடது பக்கம் கோப்பில் கோக்க 20 மில்லிமீட்டரும் மற்ற மூன்று பக்கமும் 10 மில்லிமீட்டரும் விட்டால் 390-க்கு 277 மில்லிமீட்டர் மீதி. பிளான் நன்றாக அடங்குகிறது. வலது பக்கம் சுமார் 200 மில்லிமீட்டர் அகலத்திற்கு இடமும் கிடைக்கிறது. அங்கே குறிப்புகள், பட்டியல், தலைப்புக் கட்டம் எல்லாம் வைக்கலாம்.

ஏ4 தாள் 297-க்கு 210 மட்டுமே. 1:50 பிளான் அதில் நெருக்கி உட்காரும். தலைப்புக் கட்டத்துக்கு இடமிருக்காது. வீட்டில் ஏ4 பிரின்டர் மட்டும் இருந்தால் 1:100 வைத்துக் கொள்ளுங்கள். பிளான் 91-க்கு 122 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஆனால் கட்டட வேலை நடக்கும் இடத்தில் அதைப் படிப்பது சிரமம். ஏ3 பிரின்ட்டை ஜெராக்ஸ் கடையில் எடுத்துக் கொள்வதே நல்லது.

படி 1: காகிதத்தை அமைத்தல்

திரையின் கீழே லேஅவுட்1 டேப்பைக் கிளிக் செய்யுங்கள். டேப்களே தெரியவில்லை என்றால் ஆப்ஷன்ஸ் விண்டோவைத் திறந்து, டிஸ்பிளே பிரிவில் "டிஸ்பிளே லேஅவுட் அண்ட் மாடல் டேப்ஸ்" என்பதில் டிக் அடையாளம் வைக்கவும்.

இப்போது வெள்ளைத் தாள் ஒன்று தெரியும். அதன் உள்ளே புள்ளிக் கோட்டில் ஒரு கட்டம் இருக்கும். பிரின்டர் அச்சிடக் கூடிய எல்லை அது. அதற்குள் முழுக் கோட்டில் இன்னொரு கட்டம் இருக்கும். அதுதான் ஆட்டோகேட் தானாகவே போட்டுத் தந்த வியூபோர்ட்.

லேஅவுட்1 டேப்பில் ரைட் கிளிக் செய்து "பேஜ் செட்டப் மேனேஜர்" தேர்ந்தெடுங்கள். "மாடிஃபை" பட்டனை அழுத்துங்கள். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் கீழ்க்கண்டவாறு அமைக்கவும்.

பிரின்டர்: டிடபிள்யூஜி டு பிடிஎஃப்
பேப்பர் சைஸ்: ஐஎஸ்ஓ ஃபுல் பிளீட் ஏ3, 420-க்கு 297
வாட் டு பிளாட்: லேஅவுட்
ஸ்கேல்: 1:1
பிளாட் ஸ்டைல்: மோனோகுரோம்
டிராயிங் ஓரியன்டேஷன்: லேண்ட்ஸ்கேப்

பிரின்டர் பெயரில் பிடிஎஃப் தருவதற்குக் காரணம் இருக்கிறது. பிடிஎஃப் பைலை எந்தக் கடைக்கும் பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம். அங்கே ஆட்டோகேட் இருக்க வேண்டியதில்லை. "ஃபுல் பிளீட்" என்று தராமல் சாதாரண ஏ3 தந்தால் ஓரங்களில் ஆட்டோகேட் தன் கணக்கில் இடம் விட்டுவிடும். நாம் போடும் 10 மில்லிமீட்டர் பார்டர் சில பக்கங்களில் வெட்டுப்படும்.

பலரும் குழம்பும் இடம் ஸ்கேல். "நான் 1:50-ல் அல்லவா பிரின்ட் எடுக்க வேண்டும்? இங்கே ஏன் 1:1?" என்று கேட்பார்கள். காகிதம் காகித அளவிலேயே அச்சாக வேண்டும், எனவே 1:1. வீட்டைச் சுருக்கும் 1:50 என்பதை வியூபோர்ட்டில்தான் தரப் போகிறோம்.

படி 2: பார்டரும் தலைப்புக் கட்டமும்

லேஅவுட்டிலேயே, காகித அளவில், பார்டர் வரையுங்கள். வலது கீழ் மூலையில் தலைப்புக் கட்டம் ஒன்று போட்டு இவற்றை எழுதுங்கள்: வேலையின் பெயர், ஷீட் தலைப்பு, ஷீட் எண், ஸ்கேல், தேதி, திருத்த எண். இங்கே எழுத்தின் உயரம் 2.5 மில்லிமீட்டர் என்று தந்தால் தாளிலும் சரியாக 2.5 மில்லிமீட்டர்தான் வரும். கணக்கே வேண்டாம்.

இரண்டு விஷயங்களை மறக்காமல் சேருங்கள். முதலாவது, சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு. அதன் மேல் "இந்தக் கோடு 10 செ.மீ. இருக்க வேண்டும்" என்று எழுதுங்கள். பயன் பிறகு தெரியும். இரண்டாவது, "ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம், எழுதியுள்ள அளவைப் பின்பற்றவும்" என்ற வரி.

படி 3: வியூபோர்ட் போடுதல்

தானாக வந்த வியூபோர்ட்டின் ஓரக் கோட்டில் கிளிக் செய்து டெலீட் கீயை அழுத்துங்கள். வீடு மறைந்துவிடும். பயப்பட வேண்டாம். அழிந்தது ஓட்டைதான், கோலம் அப்படியே இருக்கிறது. மாடல் டேப்பில் போய்ப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பி வாருங்கள்.

"ஓட்டை" லேயரை நடப்பு லேயராக்குங்கள். கீபோர்டில் எம், வி என்ற இரண்டு எழுத்துக்களைத் தட்டி என்டர் அழுத்துங்கள். இது "எம்வியூ" கட்டளையின் சுருக்கம். பார்டருக்குள் இடது பக்கம், 190 அகலம், 260 உயரம் வருமாறு இரண்டு மூலைகளைக் கிளிக் செய்யுங்கள். வீடு மீண்டும் தெரியும்.

இப்போது வியூபோர்ட்டின் உள்ளே டபுள் கிளிக் செய்யுங்கள். ஓரம் தடிமனாகும். நீங்கள் ஓட்டை வழியாக மாடலுக்குள் இறங்கிவிட்டீர்கள் என்று பொருள். திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் வியூபோர்ட் ஸ்கேல் பட்டியல் இருக்கும். அதைத் திறந்து 1:50 தேர்ந்தெடுங்கள். மவுஸ் சக்கரத்தை அழுத்திப் பிடித்து இழுத்து, பிளானை நடுவில் கொண்டு வாருங்கள். அழுத்தி இழுக்கலாம், சக்கரத்தைச் சுற்றக் கூடாது. சுற்றினால் ஸ்கேல் மாறிவிடும். முடிந்ததும் வியூபோர்ட்டுக்கு வெளியே டபுள் கிளிக் செய்து காகிதத்துக்குத் திரும்புங்கள்.

படி 4: பூட்டு போடுங்கள்

வியூபோர்ட்டின் ஓரக் கோட்டைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்யுங்கள். மெனுவில் "டிஸ்பிளே லாக்டு" என்பதில் "யெஸ்" கொடுங்கள்.

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் அதிகம். விளைவு என்ன? ஏதோ திருத்தம் செய்ய வியூபோர்ட்டுக்குள் போவீர்கள். பழக்கத்தில் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றுவீர்கள். 1:50 என்பது ஏதோ ஒரு புதிய கணக்காகிவிடும். பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது. தலைப்புக் கட்டத்தில் மட்டும் 1:50 என்றே எழுதியிருக்கும். பூட்டிய பிறகு சக்கரத்தைச் சுற்றினால் தாள் முழுவதும் சேர்ந்து பெரிதாகும், சிறிதாகும், ஸ்கேல் அசையாது.

படி 5: முதல் ஷீட்டிலிருந்து மற்ற ஷீட்கள்

முதல் ஷீட் தயார். லேஅவுட்1 டேப்பில் டபுள் கிளிக் செய்து "01 மேஸ்திரி" என்று பெயர் மாற்றுங்கள். பிறகு அதில் ரைட் கிளிக் செய்து "மூவ் ஆர் காப்பி" தேர்ந்தெடுங்கள். "கிரியேட் எ காப்பி" கட்டத்தில் டிக் வைத்து, "மூவ் டு எண்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்யுங்கள். தாள் அளவு, பார்டர், தலைப்புக் கட்டம், பூட்டிய வியூபோர்ட் எல்லாவற்றோடும் இரண்டாவது ஷீட் கிடைக்கும். இப்படியே நான்கு முறை செய்து பெயரிடுங்கள்:

01 மேஸ்திரி
02 எலக்ட்ரீஷியன்
03 பிளம்பர்
04 ஆசாரி
05 படிக்கட்டு

நானும் பைலை நான்கு காப்பி எடுத்தவன்தானே, இதுவும் காப்பிதானே என்று தோன்றலாம். வித்தியாசம் இதுதான்: அன்று நான் வீட்டைக் காப்பி எடுத்தேன், இன்று காகிதத்தை மட்டும் காப்பி எடுக்கிறோம். வீடு ஒன்றே ஒன்றுதான்.

படி 6: யாருக்கு எது தெரிய வேண்டும்?

"03 பிளம்பர்" ஷீட்டுக்குப் போங்கள். வியூபோர்ட்டுக்குள் டபுள் கிளிக் செய்து இறங்குங்கள். லேயர் பட்டியலைத் திறக்க எல், ஏ என்ற எழுத்துக்களைத் தட்டி என்டர் அழுத்துங்கள். லேஅவுட்டில் இருக்கும் போது மட்டும் அந்தப் பட்டியலில் "விபி ஃபிரீஸ்" என்ற கூடுதல் பத்தி தோன்றும். வலது பக்கம் தள்ளிப் பார்த்தால் கிடைக்கும். மின்சாரம், சாமான், அளவு 20 ஆகிய லேயர்களுக்கு நேரே அந்தப் பத்தியில் கிளிக் செய்யுங்கள். அவை இந்த ஓட்டையில் மட்டும் மறையும். மற்ற ஷீட்களில் அப்படியே இருக்கும்.

கவனம்! பட்டியலின் தொடக்கத்தில் வெறும் "ஃபிரீஸ்" என்று சூரியன் படத்துடன் ஒரு பத்தி இருக்கிறது. அதில் கிளிக் செய்தால் அந்த லேயர் எல்லா ஷீட்களிலும் மறைந்துவிடும். "எலக்ட்ரீஷியன் ஷீட்டில் ஒயரிங்கையே காணோம்" என்று பதறுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் மாற்றிக் கிளிக் செய்தவர்கள்தான்.

மற்ற ஷீட்களுக்கும் இதே முறை. மேஸ்திரிக்கு மின்சாரம், குழாய், சாமான், அளவு 20 நான்கையும் மறைக்கிறேன். எலக்ட்ரீஷியனுக்குக் குழாயும் அளவு 20-ம் மறைகின்றன. சாமான் தெரிய வேண்டும், ஏனென்றால் கட்டில் தலைமாட்டில்தானே ஸ்விட்ச் வர வேண்டும்? ஆசாரிக்குச் சுவரும் கதவு ஜன்னலும் அளவு 50-ம் போதும். தாளின் வலது பக்கக் காலி இடத்தில் கதவு, ஜன்னல் பட்டியலை லேஅவுட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

படி 7: வேறு ஸ்கேலில் ஒரு விவரப் படம்

படிக்கட்டை 1:50-ல் பார்த்தால் ஒன்றும் புரியாது. "05 படிக்கட்டு" ஷீட்டில் வியூபோர்ட்டின் பூட்டைத் திறந்து, ஸ்கேலை 1:20 ஆக்கி, படிக்கட்டுப் பகுதி நடுவில் வரும்படி இழுத்து, மீண்டும் பூட்டுங்கள். 2 மீட்டருக்கு 3 மீட்டர் படிக்கட்டு தாளில் 100-க்கு 150 மில்லிமீட்டராக வரும். வேண்டுமானால் ஓட்டையின் மூலையைப் பிடித்து இழுத்து அதன் அளவைக் குறைத்துக் கொள்ளலாம். மீதி இடத்தில் இன்னொரு வியூபோர்ட் போட்டு செக்ஷன் படத்தையும் வைக்கலாம். ஒரு தாளில் எத்தனை ஓட்டைகள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கேல் தரலாம்.

இங்கே எழுத்தின் அளவில் ஒரு சிக்கல் வரும். தாளில் 2.5 மில்லிமீட்டர் எழுத்து வேண்டும் என்றால் 1:50 ஷீட்டுக்காக மாடலில் 125 மில்லிமீட்டர் உயரம் தர வேண்டும். அதே எழுத்து 1:20 ஓட்டையில் 6.25 மில்லிமீட்டராகப் பெருத்துத் தெரியும். அதற்காகத்தான் அளவு 50, அளவு 20 என்று இரண்டு லேயர்கள் வைத்தோம். முதலாவதில் எழுத்து உயரம் 125, டைமென்ஷன் ஸ்டைலில் ஓவரால் ஸ்கேல் 50. இரண்டாவதில் எழுத்து உயரம் 50, ஓவரால் ஸ்கேல் 20. படிக்கட்டு ஷீட்டில் "அளவு 50" லேயரை விபி ஃபிரீஸ் செய்துவிடுங்கள். ஆட்டோகேட் 2008 முதல் "அனோடேடிவ்" என்ற வசதி இந்த வேலையைத் தானாகவே செய்கிறது. புதியவர்கள் முதலில் இரண்டு லேயர் முறையில் பழகிவிட்டு அதற்குப் போனால் குழப்பம் வராது.

படி 8: ஐந்தையும் ஒரே பிடிஎஃப் பைலாக எடுத்தல்

"01 மேஸ்திரி" டேப்பைக் கிளிக் செய்து, ஷிஃப்ட் கீயை அழுத்திக் கொண்டு "05 படிக்கட்டு" டேப்பைக் கிளிக் செய்யுங்கள். ஐந்தும் தேர்வாகும். ரைட் கிளிக் செய்து "பப்ளிஷ் செலக்டட் லேஅவுட்ஸ்" கொடுங்கள். டயலாக் பாக்ஸில் "பப்ளிஷ் டு" என்ற இடத்தில் பிடிஎஃப் தேர்ந்தெடுங்கள். ஆப்ஷன்ஸ் பகுதியில் மல்ட்டி ஷீட் பைல் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பட்டியலில் மாடல் இருந்தால் நீக்கிவிடுங்கள். "பப்ளிஷ்" அழுத்தினால் ஐந்து பக்கப் பிடிஎஃப் தயார். ஷீட் பட்டியலைச் சேமிக்கவா என்று கேட்டால் "நோ" கொடுத்தால் போதும்.

பிரின்ட் எடுக்கும் போது பிடிஎஃப் புரோகிராமில் "ஃபிட்" என்று இருந்தால் மாற்றி "ஆக்சுவல் சைஸ்" கொடுங்கள். கடைக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். "ஃபிட்" கொடுத்துத் தாள் 95 சதவீதமாகச் சுருங்கினால், 3 மீட்டர் அறை 60 மில்லிமீட்டருக்குப் பதில் 57 மில்லிமீட்டராக அச்சாகும். யாராவது அதை அளந்து 50-ஆல் பெருக்கினால் 2.85 மீட்டர் வரும். அறையில் 15 சென்டிமீட்டர் போய்விட்டது! நாம் வரைந்த 100 மில்லிமீட்டர் கோட்டின் பயன் இப்போது தெரிகிறதா? கடையிலேயே ஸ்கேலை வைத்து அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். 10 செ.மீ. இருந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

லேஅவுட்டில் வரைந்த கோடு மாடலில் தெரியவில்லையே? காகிதத்தின் மேல் வரைந்துவிட்டீர்கள். "சேஞ்ச் ஸ்பேஸ்" கட்டளை அந்தக் கோட்டை ஸ்கேல் மாற்றி மாடலுக்குள் அனுப்பிவிடும்.

வியூபோர்ட்டுக்குள் அழித்தால்? மாடலிலேயே அழியும். எல்லா ஷீட்டிலும் போய்விடும். ஒரு ஷீட்டில் மட்டும் மறைக்க விபி ஃபிரீஸ்தான் வழி.

ஷீட் செட் மேனேஜர் என்கிறார்களே? அது ஆட்டோகேட் 2005-ல் வந்தது. பல பைல்களில் இருக்கும் லேஅவுட்களை ஒரே பட்டியலில் கோத்து, எண் தந்து, ஒன்றாக அச்சிட உதவும். பெரிய கட்டடங்களுக்குத் தேவை. ஐந்து ஷீட் வீட்டுக்கு வேண்டியதில்லை.

ஆட்டோகேட் விலை கட்டுப்படியாகவில்லையே? 2016 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு அது சந்தா முறையில்தான் கிடைக்கிறது. மாணவர்களுக்குக் கல்வி உரிமம் இலவசம். இலவச புரோகிராம்களில் ஃபிரீகேட் உண்டு. அதில் "டெக்டிரா" என்ற பிரிவு, ஒரே மாடலைப் பல பக்கங்களில் வேறு வேறு ஸ்கேலில் வைக்க உதவுகிறது. இன்னொரு இலவச புரோகிராமான லிப்ரேகேட் கோடு வரைய எளிது. ஆனால் அதில் இப்படிப்பட்ட லேஅவுட் வசதி இல்லை.

கம்ப்யூட்டர் செய்யாத ஒரு வேலை

இரண்டு ஆண்டு கழித்து அக்கா வீட்டில் மாடி கட்டினார்கள். இந்த முறை ஒரே பைல், ஐந்து லேஅவுட். பாதியில் அக்கா, "தம்பி, பாத்ரூம் கதவு ஹாலைப் பார்த்து வேண்டாம்டா" என்றார். மாடலில் ஒரு முறை நகர்த்தினேன். ஐந்து ஷீட்களிலும் நகர்ந்துவிட்டது. தலைப்புக் கட்டத்தில் திருத்த எண்ணை 2 என்று மாற்றி, தேதி போட்டு, ஐந்தையும் பிரின்ட் எடுத்தேன்.

ஆனால் அதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆட்டோகேட் தன் பைலில் உள்ள ஐந்து ஷீட்களைத்தான் திருத்தும். பிளம்பரின் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் தாளைத் திருத்தாது. எனவே புதிய தாளைக் கொடுக்கும் போது பழைய தாளைக் கையோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள். திருத்த எண் எதற்கு என்பதையும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

நான் சொல்லியிருந்தேன். அந்த முறையும் அதே பிளம்பர்தான். புதிய தாளைக் கையில் வாங்கியதும் வலது கீழ் மூலையை முதலில் பார்த்தார். "ரெண்டா சார்? அப்ப இது செல்லாது" என்று பையிலிருந்த பழைய தாளை அவரே எடுத்து நீட்டினார். மாடியில் ஒரு சுவரைக் கூட உடைக்கவில்லை.

இன்றைக்கே முழு வீடு வேண்டாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையை மட்டும் அளந்து மாடலில் முழு அளவில் வரையுங்கள். ஒரு ஷீட்டில் சுவர் மட்டும், இன்னொன்றில் சாமான்களோடு என்று இரண்டு லேஅவுட் அமையுங்கள். பிறகு மாடலுக்குப் போய்க் கதவை ஒரு அடி நகர்த்திவிட்டு இரண்டு ஷீட்களையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் கதவு நகர்ந்திருந்தால் பாடம் உங்களுக்கு வந்துவிட்டது.